மறக்கத் தெரிந்தவர்கள் தேவை

ஜோதிலிங்கம் மாமா பன்னிரண்டு சொற்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்ததும் கோகிலாம்பாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணும் விட்டுப் போகலையே?" என்று கேட்டார் மாமா. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவர்போல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல மாமா. எல்லாம் சரி."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே?"

கோகிலா என்ன சொல்வாள்? எதிர்வீட்டு ஜோதிலிங்கம் மாமா போன மாதம் காரியாபட்டியில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் போய் நின்றவர். பந்தல் பிரிக்கிறவர்களோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவர், நேற்று ஒரே ஒரு முறை கேட்ட சொற்களை இன்று வரிசை மாறாமல் சொல்கிறார். அவர் மட்டுமில்லை. அடுத்த வீட்டுச் சௌடம்மாள் அத்தை சொன்னாள். அத்தையின் நாத்தனார் சொன்னாள். தெருவில் கேட்ட அத்தனை பேரும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சொன்னார்கள்.

அவள் ஆராய வந்தது மறதியை. அருப்புக்கோட்டையில் அது மட்டும் கிடைக்கவில்லை.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புதிதாக ஒரு பட்டப்படிப்பு தொடங்கியிருந்தார்கள். மனித மனம் ஒன்றை எப்படி அறிகிறது, எப்படி நினைவில் வைக்கிறது, எப்படிப் பேசக் கற்கிறது என்பதுதான் பாடம். அது எந்த ஒரு துறைக்கும் சொந்தமில்லை. மனவியல் கொஞ்சம், மொழியியல் கொஞ்சம், தத்துவம் கொஞ்சம், கணிதம் நிறைய. கடைசியாகக் கம்ப்யூட்டர் என்ற மெஷினைப் பற்றி ஒரு பாடம். அதைக் கண்ணால் பார்த்தவர் கல்லூரியில் யாரும் இல்லாததால் கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து நடத்தினார்கள்.

அந்தப் படிப்புக்கென்று அறை கிடையாது. சேர்ந்திருந்த நான்கு பெண்களும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாக நடந்தார்கள். தத்துவத் துறையில் அவர்களைக் கணக்குப் படிக்கிற பெண்கள் என்றார்கள். கணக்குத் துறையில் தத்துவம் படிக்கிற பெண்கள் என்றார்கள். மற்ற மூவருக்கும் இதில் வருத்தம் இருந்தது. கோகிலாவுக்கு இல்லை. வீட்டுக்குள் கன்னடம், வாசல்படி தாண்டினால் தமிழ் என்று பிறந்ததிலிருந்து போய் வந்துகொண்டிருந்தவளுக்கு இன்னும் நான்கு வாசல்படிகள் பெரிதாகத் தெரியவில்லை.

தெருவில்தான் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அவளுடைய அம்மா பஞ்சம்மாள், "டாக்டர் படிப்பு மாதிரி, ஆனா ஊசி கிடையாது" என்று சொல்லி வைத்திருந்தாள். அப்பா சௌடையா, "நாலு படிப்பு சேர்ந்தது" என்பார். அதற்கு மேல் யாராவது கேட்டால் தறியில் குனிந்து, அறுந்துபோகாத இழையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு வருடம் முடிந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு முன்னால், பாடம் நடத்திய எஸ்தர் மிஸ், நான்கு பேரும் தங்கள் ஊரில் ஓர் ஆய்வு செய்து எழுதிவர வேண்டும் என்று சொல்லியிருந்தார். அது சரியாக இருந்தால் மூன்றாம் வருடம். இல்லாவிட்டால் இல்லை.

கோகிலா வீட்டில் வந்து சொன்னபோது அப்பா தறியை நிறுத்தவில்லை. "டீச்சரம்மா சரின்னா போ. இல்லேன்னா சேலத்துக்காரங்க ஜாதகம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அனுப்பிருவோம்" என்றார். அதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, தறியில் குறுக்கே ஓடும் நாடாவைப் பார்த்துச் சொன்னார்.

கோகிலா எடுத்துக்கொண்ட ஆய்வு சுலபமானது. ஆறு கன்னடச் சொல், ஆறு தமிழ்ச் சொல், ஒன்று மாற்றி ஒன்று. அதை ஒருவருக்கு ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டும். மறுநாள் போய், எதெது நினைவிருக்கிறது என்று கேட்க வேண்டும். வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிற தன் தெருக்காரர்களுக்கு எது முதலில் மறக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரே நிபந்தனை, ஆட்கள் தாமாக மறக்க வேண்டும்.

நெசவுத் தெருவில் அது நடக்காது என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும். விடிகாலையில் தறியில் ஏற்றப்போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போடும்போது, எந்த இழை அறுந்தாலும் பக்கத்தில் நிற்பவர் முடிந்துவிட வேண்டும். யார் வீட்டுப் பாவு என்று கேட்கக் கூடாது. பால் வாங்கப் போகிறவர்கூடச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் போவார். அப்படிப் பழகியவர்கள், நம் தெருப் பெண்ணின் பாடத்தில் ஒரு சொல் விட்டுப்போகிறது என்றால் பார்த்துக்கொண்டிருப்பார்களா? நாத்தனாருக்கு நான்கு சொல் மறந்ததைத் தண்ணீர்க் குழாயடியில் கேள்விப்பட்ட சௌடம்மாள் அத்தை, குடம் நிறைவதற்குள் நான்கையும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து குழாயடி பள்ளிக்கூடமாகிவிட்டது.

கோகிலா சொற்களை மாற்றினாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டியல். வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் படித்தாள்.

கதவைச் சாத்தியது பெரிய தப்பாகப் போயிற்று. சாத்தும் அளவுக்குக் கஷ்டமான பரீட்சை என்று தெரு புரிந்துகொண்டது. வெளியே வந்தவரை நான்கு பேர் மறித்து, சூடு ஆறுவதற்குள் சொல்லச் சொல்லி ஆளுக்கு மூன்று சொல்லாகப் பங்கிட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். மறுநாள் கோகிலா போவதற்கு முன்னால் சொற்கள் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டன. முதல் தடவையாவது ஜோதிலிங்கம் மாமா முடித்ததும் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை அதுவும் இல்லை.

எனவே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். காலையில் வீடு வீடாகப் புதுச் சொற்களைப் படித்துக் காட்டிவிட்டு, மாலையில் குழாயடிக்கே போனாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இது தேர்வு இல்லை, இதில் பாஸ் பெயில் கிடையாது, மறந்தால் யாருக்கும் அவமானமில்லை என்று விளக்கினாள். யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் பொறுமை இழந்து, "நீங்க மறந்தாத்தான் எனக்கு மார்க்கு" என்று சொல்லிவிட்டாள்.

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் சௌடம்மாள் அத்தை.

மறுநாள் கோகிலா ஜோதிலிங்கம் மாமா வீட்டுக்குப் போய் நேற்றைய சொற்களைக் கேட்டாள். எந்தச் சொற்கள் என்று கேட்டார் மாமா. நேற்றுக் காலையில் படித்துக் காட்டியது என்றாள். நேற்று அவள் வரவேயில்லை என்று சாதித்தார். நாத்தனார், தனக்குக் கன்னடமே மறந்துவிட்டதாகக் கன்னடத்தில் சொன்னாள்.

சௌடம்மாள் அத்தை கதவைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு தாயி?"

கோகிலா பட்டியலை மடித்தாள். அத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு மறந்தா போதுமாம்மா?" என்றாள்.

அன்று தயிர் ஊற்ற வந்த பேச்சிதான் ஒரு வழி சொன்னாள். பந்தல்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் தயிர்ப்பானையோடு வருகிறவள். தெருவில் நடப்பதையெல்லாம் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

"எங்க ஊருக்கு வாங்க தாயி. அங்க ஒரு பயலுக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. என் வீட்டுக்காரருக்கு என் பேரு ஞாபகம் வாரதே அபூர்வம்."

கோகிலாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. தமிழ் மட்டுமே பேசுகிறவர்கள் எப்படி மறக்கிறார்கள் என்று பார்த்தால், அதை வைத்து நெசவாளர் தெருவை ஒப்பிடலாம். பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் கருவேலமும் காய்ந்த கரிசலுமாக இருந்தது. அந்த வெயிலில் எதுவும் யார் மனதிலும் நிற்காது என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

ஊரில் பெரிய புஞ்சைக்காரரான பால்சாமி, நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். ஆட்களை வேப்பமரத்தடிக்கு வரவழைத்தார். அவள் படித்து முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"உங்க டவுன்ல எத்தனை சொன்னாக?"

கோகிலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பன்னெண்டும் சொன்னாங்க."

"அப்படியா" என்றார் பால்சாமி.

அன்று இருட்டும் வரை வேப்பமரத்தடியில் என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் போனபோது ஊர் வரிசையில் நின்றது. தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தார்கள். முதல் ஆள் பன்னிரண்டு சொல்லையும் சொன்னான். பிறகு, "மிளகாய்" என்றான்.

"மிளகாய் இதுல இல்லையே" என்றாள் கோகிலா.

"இருக்கட்டும்" என்றார் பால்சாமி. "அது எங்க ஊரு சார்பா."

பதின்மூன்று சொற்களையும் எல்லோரும் சொன்னார்கள். திரும்பும்போது ஒரு பை மிளகாய் வற்றலும் கொடுத்தனுப்பினார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தும்மிக்கொண்டே வந்தாள். கண்ணில் நீர் வந்ததற்கு அது நல்ல காரணமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், எல்லாம் முடிந்துவிட்டது, மிஸ்ஸுக்கு எழுதிவிடப் போகிறேன் என்றாள். பஞ்சம்மாள் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு, மகளைவிட அதிகமாக அழத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்காகக் கோகிலா பேச வேண்டியதாயிற்று. பின்னால் அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்ததால் உரக்கப் பேசினாள்.

"சனங்க மேல தப்பில்லம்மா. முழுசா ஞாபகம் இருந்தாலும் தப்பு, முழுசா மறந்தாலும் தப்பு. மனசு அப்படி வேலை செய்யாது. மொதல்ல கேட்டதும் கடைசியா கேட்டதும் சேலைக் கரை மாதிரி அழுத்தமா நிக்கும். நடுவுல உள்ளதுதான் நெகிழ்ந்து போகும். அதுலயும் ஒருத்தருக்குப் போறது இன்னொருத்தருக்குப் போகாது. வயசானவங்களுக்குக் கூடக் கொஞ்சம் போகும். நம்ம வீட்டுப் பேச்சு நிக்கும், வெளிப்பேச்சு போகும்னு நான் நெனச்சேன். எதையும் பாக்க முடியல."

பஞ்சம்மாளுக்குச் சேலைக் கரை வரைதான் புரிந்தது. அவள் பேச்சின் நடுவில் தறி ஒரு தடவை நின்று, மறுபடி ஓடியது.

எழுதிவிட வேண்டும் என்று சொன்னாளே தவிர, இன்லண்டு கவரை எடுத்து வைத்துக்கொண்டு கோகிலாவால் ஒரு வரி எழுத முடியவில்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. அந்த வாரம் அப்பா ஒரு புதுப்பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். சாயங்காலம் ஆனதும் தறியை விட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குள் போனார். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். கல்யாணம், காரியம் தவிர வேறெதற்கும் அடுத்த வீட்டுப் படி ஏறாதவர் அவர்.

"எதுக்கும்மா போறாரு?" என்று கேட்டாள் கோகிலா.

பஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சேலத்துக்காரங்களைப் பத்தி விசாரிக்கிறாராட்டம் இருக்கு. சௌடம்மாளுக்கு அங்க சொந்தம் உண்டுல்ல."

கோகிலா அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் யோசித்தாள். சேலம் வந்துகொண்டிருக்கிறது. கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்துவிடலாம். தெருவும் இந்த விளையாட்டை இதற்குள் மறந்திருக்கும். புதிதாகப் பன்னிரண்டு சொற்களை எழுதினாள். எந்த விளக்கமும் சொல்லாமல், ஏதோ சும்மா கேட்கிறவள்போல வீடு வீடாகப் படித்துக் காட்டினாள். யாரும் கதவருகில் நிற்கவில்லை. குழாயடியில் தக்காளி விலையைப் பற்றித்தான் பேச்சு. தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒருவராவது வேண்டுமென்று தயிர் ஊற்ற வந்த பேச்சிக்கும் தமிழ்ச் சொற்களாகவே பன்னிரண்டு படித்தாள்.

மறுநாள் முதலில் ஜோதிலிங்கம் மாமா. ஐந்து சொல் சொன்னார். நின்றார். மோட்டுவளையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். நடுவில் மூன்றை விட்டுவிட்டுக் கடைசி நான்கையும் சொன்னார். கோகிலா பென்சிலை அழுத்திக் குறித்துக்கொண்டாள்.

சௌடம்மாள் அத்தை நடுவில் இரண்டை மறந்தாள். நாத்தனாருக்கு வேறு இரண்டு மறந்தது. வயதானவர்கள் இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக மறந்தார்கள். ஒருவர், நாக்கு நுனியில் நிற்கிறது என்று தொடையில் தட்டித் தட்டி யோசித்து, வராமல் விட்டார். அதைப் பார்க்கக் கோகிலாவுக்குப் பூத்தொடுப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. பேச்சியும் தயிர்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு, ஒழுங்காக நடுவில் இரண்டை விட்டாள்.

எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதியபோது கோடு அவள் பாடத்தில் பார்த்ததைப்போலவே வளைந்து இறங்கி ஏறியது. இரண்டு மொழியிலும் கேட்டவர்கள் மறந்தது பெரும்பாலும் தமிழ்ச் சொற்களை. வீட்டுப் பேச்சு அவ்வளவாக அசையவில்லை. அவள் நினைத்தது நினைத்தபடி. தன் ஆய்வின் முடிவில், கவனிக்கப்படுகிறோம் என்ற எண்ணம் விலகியதும் மனிதர்கள் தங்கள் இயல்புக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதினாள். அந்தப் பத்தியை எழுதியபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதுரையில் எஸ்தர் மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். கோகிலா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நானும் எத்தனையோ வருஷமா இதைப் பாடம் நடத்துறேன்" என்றார் மிஸ். "இவ்வளவு அழகா மறக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை. உங்க தெருவை ஒரு நாள் நான் வந்து பாக்கணும்."

கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வருடத்துக்கான புத்தகங்களில் ஒன்றை அப்போதே எடுத்தும் கொடுத்தார்.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்திலிருந்து கோகிலா கிட்டத்தட்ட ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் பஞ்சம்மாள் கேசரி கிளறினாள். ஜோதிலிங்கம் மாமா மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். சௌடம்மாள் அத்தை, இப்போது அவள் யாரென்று நன்றாகத் தெரிகிறது என்று கன்னத்தைக் கிள்ளினாள். அப்பா மட்டும் தறிக்குழியிலிருந்து ஏறவில்லை.

"டீச்சரம்மா சரின்னுட்டாங்கப்பா" என்றாள் கோகிலா.

"சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சேலத்துக்காரங்களுக்கு இப்ப இல்லேன்னு எழுதிப் போட்டுரு. உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்றார். கேசரியை அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலையில் கோகிலா புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மனத்தை அதன்போக்கில் விட்டால் அது தன் விதிப்படியே நடக்கும் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. தனக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று சந்தோஷமாகப் பக்கத்தைத் திருப்பினாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சி வந்து பானையை இறக்கினாள். தயிரை ஊற்றினாள். ஊற்றிய பிறகும் போகாமல் நின்றாள். ஏதோ கேட்க வேண்டுமாம், கேட்கலாமா என்று தயங்கினாள். கேளுங்கக்கா என்றாள் கோகிலா.

"உங்க அப்பா அந்த வாரம் வீடு வீடா ஏறி, தயிர் ஊத்த வந்த எனக்கும் சேத்து, ஆளுக்கு எத்தனாவது வார்த்தையை மறக்கணும்னு பிரிச்சுச் சொல்லிட்டுப் போனாகளே, அதான் பரீட்சை முடிஞ்சிருச்சுல்ல தாயி, என்னோட ரெண்டையும் இனிமே நான் ஞாபகம் வச்சுக்கிடலாமா?"